உள்ளங்கைப் பக்கத்துத் தகடு

மயிலாப்பூர், 1974

அடையாற்றில் வீட்டு வேலைக்குத் தங்கியிருக்கும் கன்னியம்மாவுக்கு,

மர்சலின் டீச்சர் எழுத, நான் சொல்கிறேன். ஒடிந்த மணிக்கட்டுக்குள் தகடு வைத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் வைப்பது என்று என் கட்டிலருகிலேயே இரண்டு டாக்டர்கள் வாதாடினார்கள். பெரியவர், "புறங்கைப் பக்கம் அறுத்துத் திறக்கிறது சுலபம்" என்றார். சின்னவர், "அங்கே விரல் தசைநார் தகட்டிலே உரசும் சார். உள்ளங்கைப் பக்கம்தான் நல்லாத் தாங்கும்" என்றார்.

"என்னப்பா, உனக்கு எந்தப் பக்கம் வேணும்?" என்று பெரியவர் சிரித்தார்.

"இஸ்திரிப் பொட்டி தூக்கணும் சாமி, எந்தப் பக்கம் வெச்சா இன்னா?"

உள்ளங்கைப் பக்கம் வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தில் பார்த்தேன். விரலகலத் தகடு, நாலு திருகாணி. நொறுங்கிய எலும்பெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு நிற்கிறது, கன்னியம்மா!

எலும்பு கூடிவிட்டது என்று கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நேற்று கரி போட்டுப் பெட்டியைத் தூக்கினேன். இனிமேல் நானே சம்பாதிப்பேன், அந்த வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிடு.

கீழே இருப்பது அந்தக் கையின் பெருவிரல் ரேகை. நான்தான் அழுத்தினேன், யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

உன் வீட்டுக்காரன்