நாற்பத்தொன்றாம் எண் பெண்

மார்ச் 4, திங்கள்

பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்தை முடித்தேன். என் கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டியது மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு முறை. அதில் ஆயிரத்து நானூறு ஒரே கட்டுரைக்கு. துறைத் தலைவர் உமேஷ் எட்டிப் பார்த்தார். "பிஜியில, இந்தச் சுவாவுல உக்காந்துகிட்டு இவ்ளோவா! எனக்கு நூத்தம்பதே தாண்டல, வாசிட்டி. அதுலயும் பாதி நானே போட்டுக்கிட்டது." சிரித்து வைத்தேன்.

மார்ச் 5

அந்தக் கட்டுரையை எவனும் படித்ததில்லை. ஒரே ஒரு வரியைத்தான் உருவிக்கொண்டு போகிறார்கள். ரா மாகாணத்துக் கிராமம் ஒன்றில், பேட்டி கொடுத்த நாற்பத்தொன்றாம் எண் பெண் சொன்னது: "ஓட்டுங்கறது சர்ச்சுக் காணிக்கை மாதிரி. போட்டுட்டுப் போயிடணும். எங்க போச்சுன்னு கேக்கக் கூடாது." மெல்போர்ன்காரர் ஒருவர் அந்த ஒரு வரியை வைத்தே முழுப் புத்தகம் போட்டிருக்கிறார். தூ!

மார்ச் 8

இங்கேயாவது எழுதுகிறேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

நாற்பதுக்கு மேல் பேட்டி வேண்டும் என்று என் ஆய்வு வழிகாட்டி சொல்லியிருந்தார். கையில் இருந்தது சரியாக நாற்பது. மழை, பாலம் முழுகிவிட்டது. ராக்கிராக்கி டவுனுக்குத் திரும்பும் பஸ்ஸில் மடியில் தாளை வைத்து ஒருத்தியை நானே உண்டாக்கினேன். வயது ஐம்பது, சந்தையில் சேப்பங்கீரை விற்பவள். நிஜமான நாற்பது பேரும் இழுத்தார்கள், பேச்சை மாற்றினார்கள், எனக்கு ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று கேட்டார்கள். அவர்களை ஒருத்தரும் மேற்கோள் காட்டவில்லை. பொய்தான் ஓடியது. பன்னிரண்டு வருஷமாக அதைத் தின்றுதானே கொழுத்திருக்கிறேன்?

மார்ச் 14

லைசானி என்ற நர்ஸ் என் அறைக்கு வந்தாள். அந்தக் கிராமத்துப் பெண். கட்டுரையில் ஊர்ப் பெயரை நான் எழுதவில்லைதான். ஆற்றையும் சர்ச்சையும் எழுதியிருக்கிறேனே, போதாதா?

"டீச்சர், அந்த வரிய யார் சொன்னாங்க? எங்க ஊர்ல கீரை விக்கிறது எங்க பெரியம்மா உலாமிலா ஒருத்திதான். யாரோ அதைக் கொண்டாந்து படிச்சுக் காட்டின நாள்லேர்ந்து அவங்க பேரே 'காணிக்கை' ஆயிடுச்சு. ஊர்க் கூட்டத்துல வாயத் தொறந்தா, 'நீதான் கேக்கக் கூடாதுன்னியே'ன்னு இளிக்கறாங்க. பதினோரு வருஷமா அவங்க கூட்டத்துல பேசறதே இல்ல. நான் சொல்லலடின்னு எங்கிட்ட அழறாங்க."

பெயரை வெளியிட முடியாது, அது ஆய்வு நெறி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நெறி! என் வாயாலேயே சொன்னேன்!

மார்ச் 15

உமேஷிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தினார்.

"பைத்தியமா உனக்கு? பதவி வரட்டும், அப்புறம் ஓரமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். உன் எண்ணிக்கைய வச்சுத்தான் துறையே நிக்குது. ஒரு கிழவிக்காக எல்லாத்தையும் கொளுத்தணுமா?"

நேற்று முழுக்க நானும் இதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயில் கேட்டபோதுதான் எவ்வளவு நாறுகிறது என்று தெரிந்தது.

மார்ச் 18

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். கட்டுரையை நீக்கச் சொல்லி இதழுக்கும் எழுதியாயிற்று.

ஏப்ரல் 2

இதழாசிரியரின் பதில். ஒரு பேட்டிதானே, அதனால் வாதம் பாதிக்கப்படாது அல்லவா, முழுவதும் நீக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார். அவருடைய இதழில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது என் கட்டுரைதானாம். அட கருமமே!

நீக்கத்தான் வேண்டும் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். பல்கலைக்கழகம் விசாரணை வைத்திருக்கிறது. வேலை நிலைக்குமா தெரியவில்லை.

ஏப்ரல் 13, சனி

மன்னிப்புக் கேட்க முன்னால் வைக்கும் காவா வேர்க்கட்டோடு, என் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். முறைப்படி அண்ணன் அதை ஊர்த் தலைவர் முன்னால் வைத்து எனக்காக மன்னிப்புக் கேட்டார். பிறகு நானே எல்லாவற்றையும் சொன்னேன் – பஸ், தாள், பொய், எல்லாம். தலை நிமிரவில்லை. ஊர்த் தலைவர் வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டார், எல்லோரும் சடங்குப்படி கை தட்டினார்கள். "சரி, இதோட முடிஞ்சுது" என்றார் தலைவர்.

"எங்க முடிஞ்சுது?"

பின்வரிசையில் இருந்து உலாமிலா முன்னால் வந்து உட்கார்ந்தாள். "கேக்கக் கூடாதுன்னு நான் சொல்வேனாடி? வருஷா வருஷம் சர்ச்சுல கணக்குக் கேட்டுப் பாதிரியார் உசுர எடுத்தவளே நான்தான்டி! படிச்சவளாம் படிச்சவ!" என்னைத் திட்டி முடித்துவிட்டு, இத்தனை வருஷம் இளித்த ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து பேச்சு இன்னும் மழைக்கு முழுகும் பாலத்துக்குப் போயிற்று, ஓட்டு வாங்கிப் போனபின் தலைகாட்டாத நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போயிற்று. அரை மணி ஆயிற்று. தலைவர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றாள்.

அவர் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு கேட்க உட்கார்ந்தார்.