உறை மாறிய தட்டுகள்

டேய் ஸ்டீபன், சுங்கை வேயின் சோம்பேறி ராஜாவே, என் செல்லக் கூட்டாளியே,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் இசைத்தட்டுகள் எங்கேயும் போகவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு லோரி பிடித்து, எல்லாவற்றையும் பிரிக்ஃபீல்ட்சில் நான் புதிதாக எடுத்திருக்கும் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் பழுது. லோரிக்கார அண்ணே பாதிப் படியிலேயே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "உள்ள என்னம்மா, டைல்ஸா?" என்று மூச்சு வாங்கினார். பாட்டு என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

நம் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் பாசாரில் ஒரே பெட்டிக்குள் இரண்டு பேரும் கையை விட்டோம். இழுத்த இழுப்பில் உறை உன் கைக்கு வந்தது, தட்டு என் கைக்கு வந்தது. "ஷேர் லா, ஷேர்!" என்று கடைக்காரச் சீனப் பெரியவர் கத்தினார். பாதிப் பாதி காசு போட்டு வாங்கி, உன் வீட்டில் போய்க் கேட்டோம். அதற்குப் பிறகு எந்த ஞாயிறு நான் உன் வீட்டுக்கு வராமல் இருந்தேன்?

நாம் காதலர்களா என்று கேட்காத ஆள் கிடையாது. இல்லை என்றால் யாரும் நம்புவதும் கிடையாது. நீ பெண் பார்க்கப் போன அன்று உன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்ததே நான்தான். அந்தப் பெண் உன்னை வேண்டாம் என்று சொன்ன அன்று, இரண்டு பேரும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வயிறு வெடிக்க ரொட்டி சானாய் தின்றோம். நீ ரயில் பட்டறையில் கிரீஸ் கையோடு, நான் ஷா ஆலம் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிறு வந்தால் தட்டுத் தேடும் இரண்டு கல்யாணம் ஆகாத ஜென்மங்கள். கூட்டாளி என்ற சொல் நமக்குப் போதுமாக இருந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றாய், வராதே, உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றாய். டெங்கிக் காய்ச்சல் எனக்கு எப்படியடா ஒட்டும்? அதுகூடத் தெரியாத மடையன் நீ. அதை நம்பி வராமல் இருந்தவள் நான். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தபோது உனக்கு நினைவு இல்லை.

உன் அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் நின்றவர்கள் பேசியதைக் கேட்டேன். "பாவம், கட்டினவ இல்ல, புள்ள இல்ல. யாருமே இல்லாம போயிட்டான்" என்றார் ஒரு ஆன்டி. இன்னொருவர், "சம்பாதிச்சதெல்லாம் அந்தப் பிளேட்டுங்கள்ல போட்டான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஏதாவது கேட்டிருப்பேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பேச்சு என்னை விடவே இல்லை, ஸ்டீபன். அது உன்னைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. நாளைக்கு நான் போனாலும் இதைத்தான் சொல்வார்கள்.

சில வாரம் கழித்து உன் அக்கா ரோஸி கூப்பிட்டார். அம்மாவைத் தன்னோடு ரவாங்குக்கு அழைத்துப்போவதாகவும், சுங்கை வே வீட்டை மாத முடிவில் காலி செய்வதாகவும் சொன்னார். "என் வீட்ல இதுக்கெல்லாம் எடம் இல்ல கலை. ஷா ஆலம்ல ஒரு ரெக்கார்டு கடைக்காரர் மொத்தமா எடுத்துக்கிறேங்கிறாரு. நீயும் கூட இருந்தா நல்லது" என்றார். ரோஸியைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளைகள், சின்ன வீடு. என் பழைய அறையிலும் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டால்தான் உன் தட்டுகள் நுழையும்.

கடைக்காரர் வந்தார். முதல் உறையைத் திறந்தார், உள்ளே வேறு தட்டு. இரண்டாவது, அதுவும் வேறு. பத்துப் பதினைந்து பார்த்து, இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "என்னம்மா இது, ஒண்ணுகூட சரியா இல்ல! எதது எதுல இருக்குன்னு பிரிச்சு அடுக்கி வைங்க. அப்புறம் வந்து விலை பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது உண்மைதானே? கேட்டு முடித்த தட்டை அதன் உறையில் போடும் பழக்கம் உனக்கு என்றைக்கு இருந்தது?

மறுநாள் லீவு போட்டுவிட்டு உன் அறைத் தரையில் உட்கார்ந்தேன். பிளேயரை உன் அம்மா ஒரு துணியால் மூடி வைத்திருந்தார்கள். விலக்கிப் பார்த்தால் ஒரு தட்டு அப்படியே இருந்தது. கிள்ளானில் கல்யாண வீடுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த பேண்டுக்காரர்கள், அந்தக் காலத்தில் போட்ட ஒரே தட்டு. அதிலிருந்தே தொடங்கலாம் என்று அதன் உறையைத் தேடி எடுத்தேன். அதற்குள் நாதஸ்வரத் தட்டு. நாதஸ்வரத்தின் உறைக்குள் ஒரு மலாய்ப் பாடகி. மலாய்ப் பாடகியின் உறைக்குள், நீ பிறந்தநாளுக்குத் திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டாயே, நான் விளையாட்டுக்குக் கொடுத்த கோழி வளர்ப்பு விளக்கத் தட்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ புதுத் தட்டை உருவி எடுப்பாய். பிளேயரில் இருப்பதை, கையில் காலியாக இருக்கும் அந்தப் புது உறைக்குள்ளேயே செருகிவிடுவாய். பழைய உறையைத் தேட உனக்குச் சோம்பல். அப்படியென்றால் ஒவ்வொரு உறைக்குள்ளும் இருப்பது, அதற்குச் சற்று முன்னால் நீ கேட்ட தட்டு. பிளேயரில் இருப்பது கடைசி. அதன் உறைக்குள் இருப்பது அதற்கு முந்தியது. இப்படியே பிடித்துக்கொண்டு போனால் நீ கேட்ட வரிசை முழுவதும் பின்னோக்கி வரும்.

ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போனேன். கடைசியாக நாம் சேர்ந்திருந்த ஞாயிறன்று கேட்ட வீணைத் தட்டு வந்ததும் நிறுத்தினேன். அதற்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் காய்ச்சலில் கிடந்தபோது நீ கேட்டவை. எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன், கட்டிலுக்கு அடியில் வரை போயிற்று.

சோகப் பாட்டு ஒன்றுகூட இல்லையேடா. டான்ஸ் பாட்டு, பெருநாள் பாட்டு, கவ்வாலி, நடுவில் கோழிக்குத் தீனி போடுவது எப்படி என்று ஒரு மனிதர் ஒரு பக்கம் முழுக்கப் பேசுவது. உடம்பு நெருப்பாகக் கொதிக்கும்போது நீ அதைப் போட்டுச் சிரித்திருக்கிறாய். நான் உன் அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

யாருமே இல்லாமல் போனான் என்றார்களே. அந்த ஆன்டியை அழைத்துவந்து இந்தத் தரையைக் காட்ட வேண்டும் போலிருந்தது. நீ உன் வாழ்க்கையை உனக்குப் பிடித்த மாதிரி நிறைத்துக்கொண்டு இருந்தவன். கடைசி வாரம் வரை அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஒரு தட்டையும் பிரிக்கமாட்டேன். பிரித்து அடுக்கினால் நீ கேட்ட வரிசை மிஞ்சாது. "விக்கல அக்கா. எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன்" என்று ரோஸியிடம் சொன்னேன். "எங்கடி வெப்ப?" என்றார். வீடு பார்க்கிறேன் என்றேன்.

இதைக் கிள்ளானில் என் அம்மாவிடம் சொன்னதுதான் பெரிய போர். நான் வேலை முடிந்து அங்கேயே வந்து தங்க வேண்டும், ஒரு மாப்பிள்ளை வரப்போகிறார் என்று அம்மா திட்டம் போட்டு வைத்திருந்தார்.

"தனியா ஒரு அறையில இருந்தது பத்தாதுன்னு இப்ப வீடே எடுக்கிறியா? அதுவும் செத்துப்போன பையனோட சாமானுக்கு? இதெல்லாம் வெச்சுக்கிட்டு எவன் வீட்டுக்குப் போவ நீ?"

"எவன் வீட்டுக்கும் போகலம்மா. என் வீட்டுக்குத்தான் போறேன்."

"வயசானா யாருடி ஒனக்கு?"

"தெரியாதும்மா. அந்தப் பயத்துக்காக ஒருத்தரக் கட்டிக்க மாட்டேன்."

அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. லோரி வந்த அன்று மாலை, அண்ணன் ஓட்டிவந்த காடியில் ஒரு பானை மீன் குழம்பு மட்டும் வந்து சேர்ந்தது. சமாதானம் என்று சொல்ல முடியாது. ஆனால் பானையைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும் இல்லையா?

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உன் அம்மா ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் தனியாக வந்தார்கள். நான் ஸ்டேஷனில் காத்திருந்து அழைத்துவந்தேன். மூன்று மாடியும் ஏறி, பூசைக்குப் போகிற மாதிரிச் சேலையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உன் பிளேயரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அந்தத் தட்டை மட்டும் போடாத கலை. அது கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்கள். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோஸியின் கணவர் வாசலில் காடியை நிறுத்திக்கொண்டு அவசரப்படுத்தியிருக்கிறார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததாம். "எனக்கு அத நிறுத்தத் தெரியலம்மா. பிளேயரோட அந்தக் கையைப் புடிச்சு இழுத்துட்டேன். கர்ருன்னு ஒரு சத்தம். அவன் நிக்கக்கூட முடியாம இருக்கான், அப்பகூட 'அம்மா! பாத்து!'ன்னு கத்துனான். அதுக்கப்புறம் காடில பேசவே இல்ல. எம்புள்ள எங்கிட்ட கடைசியா பேசினது கோவமாத்தான்."

இத்தனை நாளும் இதையா மனத்துக்குள் வைத்திருந்தார்கள், ஸ்டீபன்? நான் அவர்கள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆன்டி, அது கோவம் இல்ல. தட்டுப் பைத்தியம் பிடிச்ச யாரும் அப்படித்தான் கத்துவாங்க. எங்கிட்ட எத்தனை தடவை கத்தியிருக்கான் தெரியுமா? 'பாத்து கலை, பாத்து!' அடுத்த நிமிசம் சிரிப்பான். நானும் அவன்கிட்ட கத்தியிருக்கேன். எங்களுக்கு அது தும்மல் மாதிரி, ஆன்டி."

நம்பினார்களா என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பிளேயரைப் போட்டேன். வேண்டாம் என்று கையை நீட்டினார்கள், நான் கேட்கவில்லை. கிள்ளான் பேண்டு தொடங்கியது. மத்தளம், பெரிய எக்காளம், குரல் கொஞ்சம் கரகரப்பு. பாதியில் கீறல் வந்தது. முள் எகிறிப் பின்னால் விழுந்தது. அதே அடி திரும்ப, திரும்ப, திரும்ப.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? நிறுத்திரு" என்றார்கள்.

"நிறுத்த மாட்டேன். நீங்களே வந்து லேசா முன்னால தள்ளுங்க."

"ஐயோ, மறுபடியும் நானா?"

"நீங்கதான் ஆன்டி."

ஒரு விரலால், கொதிக்கிற சட்டியைத் தொடுவது போலத் தொட்டார்கள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன், எங்கே பழக்கத்தில் கத்திவிடுவேனோ என்று. முள் கீறலைத் தாண்டியது. பாட்டு மேலே போயிற்று. அதற்குப் பிறகுதானடா மேளம் வேகம் பிடிக்கிறது, கல்யாண வீட்டில் எல்லோரும் எழுந்து ஆடுகிற இடமே அதுதான். உன் அம்மா பிளேயர் பக்கத்திலேயே நின்று கடைசி வரை கேட்டார்கள். முடியும்போது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல பாட்டு" என்றார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்து என்ன கேட்டான்?" என்றார்கள்.

அதற்கு அடுத்தது இல்லை. நீ கேட்டது அத்தோடு முடிந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இதுதான் ஆன்டி கடைசி. இனிமே நீங்கதான் எடுக்கணும்."

அவர்கள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தட்டுகள் இருந்த அலமாரிப் பக்கம் போனார்கள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கேள். இந்தத் தட்டுகளை விற்கமாட்டேன், யார் சொன்னாலும் எங்கேயும் அனுப்பமாட்டேன். ஞாயிறுதோறும் ஸ்டேஷனில் உன் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். அவர்களால் படி ஏற முடியாத காலம் வந்தால் பிளேயரைத் தூக்கிக்கொண்டு நான் ரவாங்குக்குப் போவேன். பாட்டு பாதியில் நின்றுபோன வீடு என்று உன் வீட்டை யாரும் சொல்ல விடமாட்டேன்.

உனக்கு யாருமில்லை என்றவர்கள் கேட்கும்படி கையெழுத்திடுகிறேன்,

உன் கூட்டாளி,
உன் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை மகள்,
கலை