மாடித் தொட்டி மீன்கள்

ரோஸ்லின் அப்பாவுக்கு,

மைசூரில் நம் தெரு முழுக்க வாந்திபேதி. ரோஸ்லினைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியிலிருந்து நான் தனியாகத் திரும்பிய அன்று, பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அக்கா வந்து வீட்டையே ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். மாடியில் உங்கள் மீன் தொட்டித் தண்ணீர் பாய்ந்து கீரை வளருமே, அந்த ஜல்லியையும் விடவில்லை. "ஒரு கிருமிகூட மிஞ்சாது," என்றார். தடுக்க எனக்குத் தெம்பில்லை.

ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியாதான் மீன் கழிவின் அமோனியாவைக் கீரைக்கு உரமாக்குகிறது என்பீர்கள். அது செத்ததும் தொட்டியில் விஷம் ஏறிவிட்டது. பார்க்கத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் மீன்கள் எல்லாம் மிதந்தன. கீரையும் வெளுத்துவிட்டது.

லீவு கேட்டு உடனே வாருங்கள். துபாயிலிருந்து ரோஸ்லினுக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம்.

உங்கள் மனைவி