இன்னொரு கடை மீ

நவம்பர் 12, செவ்வாய்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மகன் தினேஷ் போன் செய்தான். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அவன் வீட்டில் எனக்கு அறை தயாராம், மெத்தை புதுசாம். ஞாயிறு கார் கொண்டுவருகிறான், ஒரேயடியாக வந்துவிட வேண்டுமாம்.
"தனியா அந்த ஃபிளாட்ல என்னதாம்மா இருக்கு உங்களுக்கு?"
போனை வைத்தபிறகு யோசித்தது:
– மழையிலும் கடை வாசல்கள் வழியாகவே மார்க்கெட் வரை நனையாமல் நடக்கலாம்
– இலவச பஸ். ஜெட்டிப் படகுத்துறைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு அதிலேயே திரும்பலாம்
– கீழே ஜமால் சாப்பாட்டுக் கடை. பெரும்பாலும் என் சாப்பாடு அங்கேதான்
அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பான். அவன் அப்பா இறந்து இரண்டு வருஷம். இன்று வாய் திறந்தது அந்த போனில் மட்டும்.

நவ. 13, புதன்
போன தடவை மகன் வீட்டில் நான்கு நாள். விடிந்ததும் அவன் ஜுருவில் வேலைக்கு, மருமகள் மாக் மண்டினில் வேலைக்கு. கேட் பூட்டு. முட்டை வாங்கக்கூட கார் வேண்டும். நல்ல வீடுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இங்கேயும் தனிமைதான், ஆனால் படி இறங்கினால் மனுஷச் சத்தம்.
சாயங்காலம் ஒரு கிறுக்குத்தனம். அடுத்த தெருக் கடையில் மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ், ஒரு பொட்டலம் வாங்கினேன். அந்தப் பொட்டலத்தோடு ஜமால் கடையைத் தாண்ட வெட்கம். பின்சந்து வழியாக ஓட்டம், திருடி மாதிரி. அறுபது வயசில்!

நவ. 14, வியாழன்
ஜமால், மேசையைத் துடைத்துக்கொண்டே: "என்னக்கா, நேத்து சந்துப் பக்கமா ஓடுனீங்க? அந்தக் கடை மீ எப்படி? சும்மா சொல்லுங்கலா!"
வெட்கம் பிடுங்கித் தின்றது. "காரமே இல்லண்ணே" என்று ஒரு பொய்.
வீட்டுக்கு வந்ததும் அழுகை. நான் வராததை ஒரு ஆள் கவனித்திருக்கிறார்.

நவ. 16, சனி
மறுபடி மழை. சூட்கேஸ் அடுக்கியாயிற்று. அவருடைய சட்டை இரண்டும் உள்ளே. வரவில்லை என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. பாசமாகத்தானே கூப்பிடுகிறான், பாவி.

நவ. 17, ஞாயிறு
வெயில். தினேஷ் வந்தான், சூட்கேஸைக் காரில் ஏற்றினான். கிளம்பும் முன் ஜமால் கடையில் காலைப் பசியாறல். "அம்மாவுக்குத் தே தாரேக், நல்லா பால் ஊத்தி, சீனி தூக்கலா" என்றான் தினேஷ்.
ஜமால் சிரித்தார். "அக்கா பால், சீனி ரெண்டும் நிறுத்தி ஒரு வருஷமாச்சே தம்பி."
என் முன்னால் ஏற்கெனவே பாலும் சீனியும் இல்லாத வெறும் தே ஓ.
தினேஷ் அந்தக் கிளாஸையே பார்த்தான். "சொல்லவே இல்லியேம்மா."
"நீ கேக்கலய்யா." கோபமாகச் சொல்லவில்லை. அதோடு அதையும் சொல்லிவிட்டேன்: "நா இங்கயே இருந்துக்கறேன். நீ அப்பப்ப வந்து பாரு."
சூட்கேஸை அவனே மூன்று மாடி தூக்கிவந்து கட்டிலோரம் வைத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான்.
அப்புறம் ஒரு பேச்சுத் துணை இல்லை. ஃபேன் சத்தம். சட்டைகளை மறுபடி அலமாரியில் மாட்டினேன்.
நாளைக்கு: சோப்பு, முட்டை. அந்தக் கடை மீ ஒரு பொட்டலம். ஜமால் கடை வாசல் வழியாகவே கொண்டுவரணும்.