மருமகனுக்கு நின்ற ஊசி

ஆடி 9, வெள்ளிக்கிழமை

இன்று நடந்த அம்புட்டும் எனக்கு முன்கூட்டியே தெரியும். தங்கச்சி பெற்ற பிள்ளைக்குப் பிறக்கும்போதே சிபிலிஸ் தொற்றியிருக்கிறது, பத்து நாள் பெனிசிலின் ஊசி போடணும் என்று டாக்டரம்மா சொன்னபோதே, காய்ச்சல் வரும் என்றேன். காய்கறி வாங்கப் போன இடத்திலும் எல்லோரிடமும் சொன்னேன், பரவை மார்க்கெட்டே சாட்சி.

காலையில் முதல் ஊசி. மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. நர்ஸ் பதறவில்லை. "கிருமி மொத்தமா சாகும்போது இப்படிக் காயும். நாளைக்கு இறங்கிரும்."

எனக்குத் தெரியாததை அவர் சொல்வதா? "எங்க குடும்பத்துக்கே பெனிசிலின் ஆகாது. இவன் அம்மாவுக்குச் சின்னதுல போட்டு மூஞ்சி பூசணிக்காயா வீங்கிருச்சு" என்றேன்.

தங்கச்சி முழித்தாள். "எனக்கா? ஞாபகமே இல்லையே அண்ணே."

"உனக்கு ரெண்டு வயசு. நான்ல தூக்கிட்டு ஓடுனேன்."

அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்க மச்சான்."

டாக்டரம்மா அடுத்த ஊசியை நிறுத்திவைத்தார். பெரிய டாக்டரைக் கேட்டுத்தான் போடுவாராம். ஒரு நாள் விட்டுப்போனால் பத்து நாளும் முதலிலிருந்து போடணும், போடாமலே விட்டால் எலும்பு, கண், காது எல்லாவற்றுக்கும் ஆபத்து என்றார். மாப்ள பக்கத்தில் நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றை மூடிவைத்தேன். சட்டையை மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் சொல்லப்போவதை இங்கே ஒருதரம் எழுதிப் பார்க்கிறேன்.

தங்கச்சிக்கு எந்த ஊசியிலும் வீங்கியதில்லை. வீங்கியது என் மூஞ்சி. குளவி கொட்டியது.