காணக் கிடைக்கும் விலங்குகள்

பிப்ரவரி 4

என் ஒரே அக்காவின் ஒரே மகளும், எனக்குப் பின் என் குடைக்கும் ரேடியோவுக்கும் ஏக வாரிசுமான வாண்டுவுக்கு,

உன் மாமா உயிரோடுதான் இருக்கிறேன். காடு முழுக்க இப்போது அதைப் பற்றித்தான் பேச்சு.

ஆற்றங்கரை விடுதியின் பொறுப்பு முழுவதும் என் தோளில் வந்து இறங்கியிருக்கிறது. ஆறு அறை, ஒரு படகு, ஒரு ஜெனரேட்டர், ஒரு சமையல்காரர். இவற்றில் சொன்னபடி கேட்பது படகு மட்டும்தான். அதுவும் ஆறு போகிற பக்கமாகவே போகச் சொன்னால்.

இங்கே வந்த பயணத்தைச் சொன்னால் நம்பமாட்டாய், அதனால் சொல்கிறேன். கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து படகில் அரைநாள். இரண்டு கரையிலும் மரங்கள். அவ்வளவு உயரம், உச்சியில் பெய்கிற மழை கீழே வந்து சேர அடுத்த வாரமாகிறது. போன வாரத்து மழையில் நான் நேற்றுத்தான் நனைந்தேன். நடு ஆற்றில் ஓர் உடும்பு எங்கள் படகை மறித்து டிக்கெட் கேட்டது. படகோட்டி தன்னுடையதைக் காட்டினார். நான் பையைத் துழாவிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, வயசானவர், போகட்டும் என்பதுபோல ஒருமுறை நாக்கை நீட்டி வழிவிட்டது.

நேற்று ஒரு மலைப்பாம்பு விடுதி வாசலைக் கடந்தது. அதன் தலையைப் பார்த்தபோது சமையல்காரர் உலை வைத்துக்கொண்டிருந்தார். வாலைப் பார்த்தபோது நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தோம். அட்டைகள் இங்கே நாகரிகமானவை. என்ன வகை ரத்தம் என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருகின்றன. என்னுடையது பிடித்துப்போய், சொந்தபந்தத்தையெல்லாம் அழைத்து வந்துவிட்டன.

உன் புது வேலை எப்படி? சுற்றுலா ஆபீஸ் என்றால் சும்மாவா. ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாகாவிட்டால் தன்னுடைய இரும்புக்கடைக் கல்லாவில் வந்து உட்காரவேண்டும் என்று உன் அப்பா சொல்லியிருப்பதாக அக்கா எழுதியிருந்தாள். ஆணி எடைபோடவா நீ பிறந்தாய்? ஏதாவது உதவி வேண்டுமென்றால் தயங்காமல் கேள். மாமாவுக்குக் கை நீளம். நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆற்றுக்கு இக்கரையின் முடிசூடா மன்னன்,
உன் மாமா


பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நான் நலமாக இல்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். காரணம் நீங்கள்தான்.

எங்கள் மேனேஜர் உங்கள் விடுதிக்குச் சுற்றுலாப் பயணிகளை அனுப்பலாம் என்று முடிவு செய்து, "அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். மாமா இருக்கிறார், கடிதம் போட்டிருக்கிறார் என்றேன். குடுங்க, பார்க்கலாம் என்றார். பஸ் எங்கே நிற்கிறது, படகு எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்வார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு நான் சாப்பிடப் போய்விட்டேன்.

மாமா, எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். ஆனால் நகைச்சுவை என்று ஒன்று உலகத்தில் இருக்கும் சேதியை இதுவரை யாரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை. இரண்டு நாளில் வண்ணத்தில் துண்டுப்பிரசுரம் அச்சாகி வந்துவிட்டது. தலைப்பு: "காணக் கிடைக்கும் விலங்குகள்". முதல் வரி: "டிக்கெட் பரிசோதிக்கும் உடும்பு (படகுப் பயணிகளுக்கு மட்டும்)". இரண்டாவது: "முழு உணவுவேளையும் கடந்து செல்லும் மலைப்பாம்பு". மூன்றாவதாக, அட்டைகளுக்கு வசதியாக இருக்கும் என்று, பயணிகள் தங்கள் ரத்த வகைச் சான்றிதழைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று போட்டிருக்கிறார்.

"சார், அது மாமா விளையாட்டா எழுதினது" என்றேன்.

"விளையாட்டா இவ்வளவு பாத்திருக்காரே, சீரியஸா இறங்கினா எவ்வளவு பாப்பாரு" என்றார்.

நான்கு பேர் பணம் கட்டிவிட்டார்கள். ஜவுளிக்கடை முதலாளி, அவர் மனைவி, ஒரு பல் டாக்டர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அவர்களை அழைத்துக்கொண்டு வரப்போவது நான். இவர்களில் ஒருவர் குறை எழுதிக் கொடுத்தாலும் நான் நேராக இரும்புக்கடைக்குத்தான். அப்பா இப்போதே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறி மாட்டிவிட்டார்.

தயவுசெய்து, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அங்கே உண்மையில் என்னென்ன பார்க்கலாம் என்று ஒட்டுவேலை எதுவும் இல்லாமல் எழுதுங்கள். அம்மாவிடம் சொன்னேன். "அவன்கிட்ட உண்மையைக் கேக்குறியா? பாவம்டி, உடம்புக்கு ஒத்துக்காது" என்கிறாள்.

வாண்டு


பிப்ரவரி 21

என் எழுத்தை முதன்முதலில் அச்சில் ஏற்றிய புண்ணியவதிக்கு,

உண்மை மட்டும் வேண்டும் என்றாய். இதோ.

அணில். குரங்கு. மழை.

பார், எவ்வளவு மட்டமாக இருக்கிறது. இதற்கு யாராவது பஸ் ஏறுவார்களா? இருந்தாலும் கேட்டுவிட்டாயே என்று சொல்கிறேன். இங்கே எல்லாமும் இருக்கிறது அம்மாடி, ஆனால் எதற்கும் நம்மைப் பார்க்கும் ஆசை இல்லை. ஓர் இலை அசையும். தண்ணீரில் ஒரு வட்டம் விரியும். தலைக்கு மேல் எதுவோ கிளை தாவும். நாம் அண்ணாந்து பார்ப்பதற்குள் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் தரிசனம்.

இதை எழுதி முடித்ததும் எனக்குக் காய்ச்சல் வருவதுபோல இருந்தது. அக்கா சொன்னது சரி.

கவலைப்படாதே. ஏற்பாடுகளில் இறங்கிவிட்டேன். சமையலறைக்குப் பின்னால் ஓர் உடும்பு வந்துபோகிறது. முட்டை வைத்துப் பேச்சுவார்த்தை நடத்துகிறேன். முட்டையை வாங்கிக்கொள்கிறது, வாக்குக் கொடுக்க மறுக்கிறது. சமையல்காரரைப் பாம்பாக நடிக்கச் சொல்லிக் கேட்டேன். நீளம் பத்தாது என்பதைவிட, படுத்தால் எழுந்திருக்கமாட்டார் என்பதுதான் சிக்கல்.

ஜவுளிக்கடையை நான் பார்த்துக்கொள்வேன். பல் டாக்டரையும் சமாளிக்கலாம். என் பயமெல்லாம் நீதிபதியை நினைத்துத்தான். பொய் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். என்னைப் படகுத்துறையில் பார்த்ததுமே தண்டனையைச் சொல்லிவிடுவார்.

வா. எது நடந்தாலும் உன்னோடு நானும் ஆணி எடைபோட வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வீழ்ச்சிக்கு முழுப்பொறுப்பேற்கும் மாமன்னன்


மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். உடம்பில் அட்டை கடித்த இடமெல்லாம் அரிக்கிறது. என் ரத்த வகையை எதுவும் கேட்கவில்லை.

தங்கியிருந்த நாட்கள் முழுக்க நாங்கள் கண்டது: மழை, மழைக்குள் ஓர் அணில், ஒரு குரங்கின் பின்பக்கம். நீங்கள் படகின் முன்னால் நின்று மிதந்துவந்த ஒவ்வொரு கட்டைக்கும் பெயர் வைத்து வம்சவரலாறு சொல்லிக்கொண்டிருந்ததால், பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

"முதலைன்னு காட்டினாரே, அது கட்டைதானே?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"பேசாம பாருங்க. பணம் கட்டியிருக்கோம்" என்றார் அவர் மனைவி.

"வாயைத் தெறந்தா நான் சொல்லிடுவேன்" என்றார் பல் டாக்டர். அது திறக்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ ஆணி என் கண்முன் வந்து போனது.

பஸ் ஏறித் திரும்பினோம். டீக்கு நிறுத்திய இடத்தில், பக்கத்து மேசையிலிருந்த ஒருவர் எங்கள் சேற்றுக் கால்களைப் பார்த்துவிட்டு, "காட்டுக்கா போயிட்டு வர்றீங்க? என்ன பாத்தீங்க?" என்று கேட்டார்.

ஜவுளிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு, "மலைப்பாம்பு. இந்த பஸ் அகலம் இருக்கும்" என்றார்.

"அகலத்தை மட்டும் சொன்னா எப்படிங்க? நீளத்தையும் சொல்லுங்க" என்றார் மனைவி.

"நான் அதோட கடவாய்ப்பல்லைப் பாத்தேன். ஒண்ணு சொத்தை" என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் நீதிபதியைப் பார்த்தார்கள். அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் பாத்ததைப் பொது இடத்துல சொல்றது முறையா இருக்காது" என்றார். கேட்டவர் எழுந்து நின்றுவிட்டார் மாமா.

கருத்துத் தாளிலும் இதையேதான் எழுதிக் கொடுத்தார்கள், இன்னும் பெரிதாக. இவ்வளவு தூரம் போய் அணிலைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்ல ஒருத்தருக்கும் மனமில்லை. ஒரே ஒரு குறை, காலையில் ஜெனரேட்டர் ஓடாததால் வெந்நீர் இல்லை என்று. மேனேஜர் பூரித்துப்போய்விட்டார். இரண்டாவது துண்டுப்பிரசுரம் போடவேண்டும், அதில் கூடப்போன நானே என் கண்ணால் பார்த்தது ஒன்றாவது இருக்கவேண்டும், அதை எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வேலை நிரந்தரம் என்றார்.

மாமா, நான் ஒன்று பார்த்தேன்.

கிளம்பும் நாள் காலை, மற்றவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, ஈரக் காலுறையைக் காயப்போட இடம் தேடி ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் வந்தேன். தலைக்கு மேல் யாரோ பெரிய போர்வையை உதறுவதுபோலச் சத்தம். ஓர் இருவாச்சிப் பறவை வந்து அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. மரத்தில் ஒரு பொந்து. அதைச் சேறு வைத்து அடைத்து, ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. அந்தக் கீறலில், உள்ளே அடைகாக்கும் பெட்டையின் அலகு நுனி எட்டிப்பார்த்தது. வந்த பறவை தொண்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உள்ளே கொடுத்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒரு பழம் அலகிலிருந்து தவறிக் கீழே விழுந்தபோது அது என்னைப் பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிறகுதான் அடுத்த பழம். ஒரு சத்தம் கேட்டிருந்தாலும் போயிருக்கும். காலையில் நீங்கள் ஏன் ஜெனரேட்டரை நிறுத்துகிறீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நேற்று அதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் மேனேஜர் அந்த மரத்தடியில் பெஞ்ச் போடுவார். பெஞ்சில் ஜவுளிக்கடைகள் வந்து உட்காரும். அது பழத்தோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும், உள்ளே இருப்பது காத்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் அப்பாவின் மின்விசிறி. தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, வேறொன்று எழுதிக் கொடுத்தேன்.

"விடுதிக் குட்டையில் தவளைகள் தினமும் சேர்ந்து ஒத்திகை பார்க்கின்றன. சுருதி தப்பும் தவளையை மற்றவை கரையேற்றிவிடுகின்றன. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்."

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

"சாயங்காலம் அஞ்சரைக்கு சார்" என்றேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்பா மின்விசிறியைக் கழற்றவில்லை, தனக்கே சுகமாக இருக்கிறதாம்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். உடும்பு, பாம்பு, அட்டை என்று பக்கம் பக்கமாக அளந்தீர்களே, இதை மட்டும் ஏன் எனக்கு ஒருவரிகூட எழுதவில்லை?

வாண்டு


மார்ச் 28

நிரந்தர உத்தியோகஸ்தியும், எங்கள் குட்டையின் சங்கீத வித்துவான்களுக்கு ஆதரவாளருமான வாண்டுவுக்கு,

உன் தவளைகள் என் உயிரை வாங்குகின்றன. புதுக்குழு நேற்று அஞ்சரைக்குக் குடையும் கையுமாகக் குட்டையைச் சுற்றி உட்கார்ந்தது. அதில் ஒரு பாட்டு வாத்தியார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூணாவது கொஞ்சம் அவசரப்படுது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கொஞ்சம் அவசரப்படத்தான் செய்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே அப்படிப்பட்ட பறவை எதுவும் கிடையாது. யார் கேட்டாலும் இதுதான் பதில், அதனால் உனக்கும் இதுவே.

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் இருப்பது குளவிக்கூடு. ஒவ்வொரு குளவியும் தேங்காய் பருமன். போன வருஷம் நிலம் அளக்க வந்தவரை ஒன்று கொட்டி, மனிதர் வீங்கி, கதவு வழியாக வெளியே வரமுடியாமல் இன்னும் நாலாம் அறைக்குள்ளேயே இருக்கிறார். சாப்பாடு ஜன்னல் வழியாகத்தான் கொடுக்கிறோம். இதைக் கேட்டதிலிருந்து யாரும் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பாட்டு வாத்தியார் மட்டும் மனசு கேட்காமல் நாலாம் அறை ஜன்னலில் இரண்டு பழம் வைத்துவிட்டு வந்தார்.

வெந்நீர் இல்லாததற்கு வேறு காரணம் சொல்லியிருக்கிறேன். அது மேனேஜருக்குத் தெரிந்தால் அச்சடித்துவிடுவார், எழுதமாட்டேன்.

நேற்று காலை ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் போய் நின்றேன். பொந்துக்குள்ளே இரண்டு குரல் கேட்டது. ஒன்று ரொம்பச் சின்னது.

மாமா