பழுப்பு பேண்டின் இரண்டு கால்கள்

அன்பு மகனுக்கு,

ஆண்டவன் அருளால் முழங்கால் உட்பட இங்கே எல்லாம் சுகம். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் விழுந்தது உண்மை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பைகளில் ஒன்று நழுவித் தரையில் கிடந்தது. ஈரக்காலோடு மிதித்தேன், சறுக்கிவிட்டது. நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய். அதற்கு உனக்குக் கோடி புண்ணியம். ஆனால் வந்தவன் என் முழங்காலைப் பார்த்ததைவிட என் பைகளைப் பார்த்ததுதான் அதிகம். கதவுக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், உன் அறை அலமாரி முழுக்க. "அம்மாவுக்கு மனசு சரியில்ல மாமா. இல்லன்னா யாராவது குப்பையை இப்படிச் சேத்து வப்பாங்களா?" என்று கூடத்தில் நின்று உன் மாமாவிடம் சொன்னாய். வீங்கியிருந்தது முழங்கால்தான். காது நன்றாகவே இருந்தது.

அடுத்த மாதம் தரகரோடு வருகிறேன், வீட்டை விற்றுவிட்டு உன்னை ஒரு நல்ல முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அங்கே வேளாவேளைக்கு எல்லாம் கைக்கு வந்துவிடும் என்றாய். எல்லாம் கைக்கு வந்துவிட்டால் கைக்கு என்ன வேலை?

தலைவலிக்குத் தைலம் தடவுவார்களா, தலையை எடுப்பார்களா? வழுக்கியது பை. ஆகவே பைக்கு ஒரு வழி செய்தேன்.

உன் அலமாரியின் அடித்தட்டில், நீ முதல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன பழுப்பு பேண்ட் இருந்தது. அது இனி இந்தப் பிறவியில் உன் இடுப்புக்கு ஏறாது. கோபித்துக்கொள்ளாதே, இரண்டு காலையும் தொடையோடு வெட்டிவிட்டேன். பேண்ட் கால் என்பது ஏற்கெனவே தைத்த குழாய்தானே. மேலே அகலம், கீழே குறுகல். மேலே திணித்தால் கீழே ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். கணுக்கால் மடிப்பின் உள்பக்கம் துளி பிரித்து, ஊக்கில் எலாஸ்டிக்கைக் கோத்து உள்ளே விட்டுச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். வாய் சுருங்கிவிட்டது. பெல்ட் மாட்டுகிற காதில் ஒன்றைப் பிரித்தெடுத்து, ஆணியில் தொங்கவிட மேலே வைத்துத் தைத்தேன். யாரும் எனக்குத் தையல் சொல்லித் தந்ததில்லை. இந்த வீட்டில் கிழிந்ததெல்லாம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எலாஸ்டிக் மட்டும் வாங்கினேன், கணக்கில் எழுதியாயிற்று.

மேல் வாய்க்கும் எலாஸ்டிக் போடலாம் என்று அந்த விளிம்பை மடித்துத் தைத்து முடித்த நேரம் பார்த்து உன் மாமா வந்தான். நீ அனுப்பிய ஒற்றன் என்று தெரியும். தம்பியாயிற்றே என்று உட்காரச் சொன்னேன். வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு என்ன கிழமைக்கா?" என்றான். "உனக்கு இங்க காபி கிடைக்காத கிழமை" என்றேன். பிறகு தையலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எலாஸ்டிக் எது வழியாக்கா உள்ள போவும்?" என்றான். பார்த்தேன். நுழைக்க இடமே விடாமல் சுற்றிலும் தைத்து மூடியிருந்தேன். அவனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, இதுக்குத்தான் அவன் பயப்படறான்" என்றான்.

ஒரு நிமிடம் எனக்கும் பகீரென்றது. உன்னிடம் சொல்வதற்கென்ன, ஆண்டவன் படத்தைத்தான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு ஊசி முனையால் நெம்பி, விரலகலம் பிரித்தேன். தைத்தவளுக்குப் பிரிக்கவும் தெரியும். எலாஸ்டிக்கின் ஒரு நுனியை உன் மாமாவிடம் கொடுத்து, விடாமல் பிடித்துக்கொள்ளடா என்றேன். மறுநுனியை நான் ஊக்கோடு தள்ளிக்கொண்டு போனேன். பாதி வழியில் அவன் யாருக்கோ போன் போட்டான். பிடியை விட்டுவிட்டான். எலாஸ்டிக் முழுவதும் உள்ளே ஓடிவிட்டது. "இப்ப யாரடா முதியோர் இல்லத்துல சேக்கறது?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. எலாஸ்டிக்கை வெளியே இழுத்து மறுபடி கோத்து முடித்து, கடைசியில் காபி கொடுத்தேன். சாயங்காலம் வரை என்னோடு உட்கார்ந்து உன் அலமாரியைக் காலி செய்தான். கிழிந்த பைகளைப் பழைய சாமான்காரருக்குக் கட்டிவைத்தோம். நல்லவை எல்லாம் பேண்ட் காலுக்குள் போய்விட்டன. தரையில் இப்போது ஒரு பை கிடையாது. போகும்போது, "வீட்ட விக்கிற பேச்சுக்கு இனி ரெண்டு பேரும் என்னக் கூப்பிடாதீங்க. அவனாச்சு, நீயாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்னொன்று. மருமகளைத் திட்டாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். உன் வீட்டு சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்தால் பையாகக் கொட்டுகிறதாம். காலால் தள்ளித்தான் மூட வேண்டியிருக்கிறதாம். பாவம், அவளுக்கு இன்னும் யாரும் முதியோர் இல்லம் பார்க்கவில்லை போலிருக்கிறது. இரண்டாவது காலை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். அவளுக்குக் கொடு. ஆணியை நீ அடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில்.

வீட்டு விஷயம். இது உன் அப்பாவும் நானும் செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டிய வீடு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, சாமி முன்னால் உட்கார்ந்து யோசித்துத்தான் சொல்கிறேன். மறுபடி விழ மாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நடக்கிறவள் விழுவாள். விழுந்தால் சொல்லி அனுப்புகிறேன், வந்து தூக்கு. விழுவதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு போகாதே.

அடுத்த மாதம் வருவதானால் வா. தரகரோடு வந்தால் அவருக்கு வாசலிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். வீட்டைப் பார்க்க வராதே, என்னைப் பார்க்க வா. மூன்று பேருமாக வாருங்கள். திரும்பும்போது நாலு உருப்படி துணியை இங்கேயே விட்டுப் போ. உன் அலமாரி இப்போது வெறுமையாக இருக்கிறது. அப்படியே விட்டால் மறுபடி பை சேர ஆரம்பித்துவிடும்.

ஆண்டவன் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
இதே வீட்டிலிருந்து,
உன் அம்மா